காந்தி நகரில் ஒரு வளைந்த ஜன்னல் கம்பி

அடையாறு காந்தி நகரில் பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிபடும், அந்த இடத்தில் ஃபிளாட் வரும், ஃபிளாட்டுக்குப் பழைய பங்களாவின் பெயரையே வைப்பார்கள் என்று நான் அப்போதே சொன்னேன். என் கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். யாரும் குறித்துவைத்துக்கொள்ளவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இந்தப் புரட்டாசியில் என் மைத்துனன் போன் செய்தான். அந்த வீடும் போகிறதாம், தீபாவளி கழிந்ததும் இடிக்கிறார்களாம். 'அந்த வீடு' என்றால் எங்கள் குடும்பத்தில் ஒன்றுதான். என் மாமனார் அங்கே டிரைவராக இருந்தார். கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அவுட் ஹவுஸில்தான் என் மனைவி சரோஜா பிறந்து வளர்ந்தாள். நான் அப்போது ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை என்றாலும், வண்டி தெருமுனையில் திரும்பும்போதே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்த வீட்டில் போர்டிகோ வரைதான் போயிருக்கிறேன். கல்யாண வயதில் பெண் இருக்கும் அவுட் ஹவுஸ் பக்கம் என்னைப் போன்ற அழகனை விட மாமனார் என்ன முட்டாளா?

"நீயும் வா, ஆட்டோவுலயே போய்ட்டு வந்துடலாம்" என்று சரோஜாவைக் கூப்பிட்டேன்.

"நான் வரல. கார் ஹாரன் கேட்டா ஓடிப்போய் அந்த கேட்டைத் திறக்கிறதே நான்தான். இப்ப அதுக்கு வெளிய நின்னு, உள்ள விடுங்கய்யான்னு கேக்கணுமா? நீங்க போங்க. உங்களுக்குத்தான் வெக்கம் கிடையாதே."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "அவுட் ஹவுஸ் ஜன்னல்ல ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். சின்னப் பிள்ளையில நான் தலையை விட்டு மாட்டிக்கிட்டேன். அப்பா கார் ஜாக்கியைக் கொண்டாந்து நடுவுல வச்சு, கம்பியை நெம்பி என்னை எடுத்தாரு. அது இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேற்கு மாம்பலத்தில் கிளம்பினேன். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு முடித்தேன். ஏழு கிலோமீட்டர் இருக்கும். நந்தனம் தாண்டிக் கோட்டூர்புரம் பாலம் ஏறினால் இருபது நிமிடத்தில் அடையாறு.

"காந்தி நகர்ல உனுக்கு யாரு கீறாங்க நைனா?" என்றார்.

"மாமியார் வீடு" என்றேன்.

கண்ணாடியில் என் சட்டையைப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கு அம்பது ரூபாக்கு அந்தப் பேச்சு பேசின?"

ஊரின் சரித்திரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் முன்பு ஆற்றங்கரைத் தோப்பும் வயலும்தான். ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் மனை போட்டு, மெயின் ரோடுகளுக்கு வரிசையாக நம்பர் வைத்து, அகலமாகத் தெரு விட்டது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கால்வாய். வக்கீல், டாக்டர், பெரிய உத்தியோகஸ்தர் எல்லாம் வந்து வீடு கட்டினார்கள். வீடு சின்னதாக, தோட்டம் பெரிதாக இருந்த காலம் அது. நில விலை ஏறியதும் தோட்டம் சுருங்கி, கடைசியில் தொட்டியில் வந்து நிற்கிறது. கிரசன்ட் பார்க் ரோடு ஏன் வளைந்து போகிறது என்று பலர் என்னைக் கேட்பார்கள். ஒரு முதலை படுத்திருந்த இடத்தைச் சுற்றிப் போட்டதால்தான் என்பது என் ஆராய்ச்சி.

மூன்றாவது மெயின் ரோட்டில் இறங்கி நடந்தேன். அந்த நேரத்தில் இந்தத் தெருக்களுக்கு இணையே கிடையாது. தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்து நிற்கின்றன. நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் நம்மைப் பார்த்தால் லேசாகச் சிரிப்பார்கள், ஆனால் யாரென்று கேட்க மாட்டார்கள். எங்கள் மாம்பலத்தில் கேட்காமல் விடமாட்டார்கள். இங்கே எத்தனை வருடம் நடந்தாலும் நீங்கள் வழிப்போக்கர்தான்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. இரண்டு பக்கமும் ஐந்து மாடி, நடுவில் அது மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தது. மதிலுக்கு மேலே பவழமல்லி ஒன்று தெருவுக்குச் சாய்ந்திருந்தது. என் மாமியார் வைத்த செடி.

வாட்ச்மேனிடம் நான் யார் என்று சொன்னதும் எழுந்து சல்யூட் வைத்தார். சின்னக் கதவை இல்லை, பெரிய கேட்டையே திறந்துவிட்டார். நேரே பின்கட்டுக்குப் போனேன். கார் ஷெட்டில் ஆயில் கறை அப்படியே இருக்கிறது. அவுட் ஹவுஸ் ஒரே அறைதான், மேலே ஆஸ்பெஸ்டாஸ். பச்சைப் பெயின்ட் அடித்த ஜன்னல். ஐந்து கம்பிகளில் ஒன்று வில் மாதிரி வளைந்து நின்றது. அந்த இடைவெளியில் என் முஷ்டியை விட்டுப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண்ணின் தலை அளவுக்கு இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து சிக்னல் பக்கம் முப்பது ரூபாய்க்கு ஒரு காபி குடித்துவிட்டு, திரும்பும்போது பதினைந்து ரூபாய் பஸ்ஸில் தி. நகர் வந்து, துரைசாமி சப்வே வழியாக நடந்தே வீடு சேர்ந்தேன்.

சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பவழமல்லிப் பூவைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்தாள்.

"கம்பி?"

"இருக்கு. அப்படியே வளைஞ்சு நிக்குது."

நான் எது சொன்னாலும் நான்கு குறுக்குக் கேள்வி கேட்பவள், அன்று ஒன்றுதான் கேட்டாள். "எந்தப் பக்கமா வளைஞ்சிருக்கு?"

"இடது பக்கம்."

காது மடலைத் தடவிக்கொண்டாள். "ஆமா" என்றாள். மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு கார்கள் கிளம்பிவிடும். குடிக்கத் தண்ணீர் எடுத்துப்போங்கள், உள்தெருக்களில் பெட்டிக்கடை கிடையாது. போட்டோ எடுக்காதீர்கள், கேமரா நம்மைத்தான் எடுக்கும். தீபாவளிக்கு முன்பே போங்கள்.

கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னை நம்பிப் போய் நீங்கள் வெயிலில் நிற்கக் கூடாது. அந்த கேட் திறக்காது. எனக்கும் திறக்கவில்லை. வாட்ச்மேன் சின்னக் கதவில் ஒரு கண் மட்டும் தெரியுமாறு நின்று, "ஓனர் ஃபாரின்ல கீறாரு பெரியவரே. கேமரா கீது. உன்ன உட்டா என் வேலை பூடும்" என்றார். மாமனார் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அரை மணி நேரம் நின்றேன். மதிலுக்கு வெளியே பிளாட்பாரத்தில் விழுந்திருந்த பூவை நான் பொறுக்கியபோது, அவரே ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

பூ மட்டும் நிஜம். பச்சை ஜன்னலை நான் பார்க்கவில்லை. ஜன்னல் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. இடது பக்கம் என்றது வாய்க்கு வந்தது. அதற்கு அவள் எப்படி ஆமா என்றாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.