இடது கன்னத்தில் வெயில்

கண் போன மறுவருஷம் எனக்குக் கால் துறுதுறுத்தது. எத்தனை நாளைக்குத்தான் வீட்டுச் சுவரைத் தடவுவது? பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கு நெல் கேட்டு உருத்திரபுரத்துக்கு ஒரு கடிதம் எழுதுவித்தேன். அங்கு நெல் விளைவிக்கும் கமக்காரர் சங்கத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. "கண் தெரியாதவர்களும் தனியே நடமாடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வவுனியாவிலிருந்து துணையில்லாமல் பஸ்ஸில் வந்து காட்டுங்கள், சூடடித்த களத்திலேயே வீட்டுக்கொரு மூட்டை தருகிறோம்."

மாசி மாதக் காலையொன்றில் ஏறிவிட்டேன். வலப்பக்க யன்னலோரம். நெஞ்சு இஞ்சினை முந்தியது. காடு தொடங்கியதும் வலது கன்னத்தில் இளவெயில், மரம் வர அணைந்து, மரம் போக எரிந்து. வடக்கே போகிறேன், வடக்கே போகிறேன் என்றது என் தோல்.

முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வழியில் எந்தச் சாரதியும் போவதில்லை. எல்லோரோடும் நானும் இறங்கினேன். கற்பூர வாசம், தேங்காய் சிதறும் சத்தம், சுடச்சுடக் கச்சான் கடலை. கடதாசியில் சுற்றிய ஒரு சரை கச்சானை வாங்கிக்கொண்டு, இரைந்துகொண்டிருந்த இஞ்சினை நோக்கித் தடியைத் தட்டிப் போய் ஏறினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் துணை தேடியதாகிவிடும் என்ற வீம்பு.

பஸ் புறப்பட்டது. வடக்கே போகப் போக இனி இரணைமடுக் குளத்துக் காற்று வரவேண்டும். முகத்தை நீட்டினேன். வரவில்லை. கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்தபோது கன்னம் சுட்டது.

இடது கன்னம்.

வெயில் இடம் மாறாது. மாறியது நான்தான். வவுனியாவுக்குத் திரும்பும் பஸ்ஸும் அதே கோயிலடியில்தான் நிற்கும். பாய்ந்தெழுந்து மணிக்கயிற்றை இழுத்தேன். பக்கத்தில் இருந்த பெண், விஷயம் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். தானும் இறங்கி உருத்திரபுரம் வரை கொண்டுபோய் விடுவாராம். அந்தப் பிடி எவ்வளவு இதமாக இருந்தது! ஓம் என்றால் நெல் போச்சு.

"வேண்டாமக்கா. வெயில் வலப்பக்கம் விழுற பஸ்ஸிலை ஏறினாச் சரி."

இறங்கினேன். ரோட்டைக் கடந்து காட்டோரம் நின்று, வந்த சத்தத்துக்குக் கையை நீட்டினேன். இந்த முறை கேட்டுத்தான் ஏறினேன். வழி கேட்பது துணையாகிவிடாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. கிளிநொச்சியில் இறங்கி, கேட்டுக் கேட்டு அடுத்த பஸ்.

களத்துக்குப் போய்ச் சேர உச்சி வெயில் சாய்ந்திருந்தது. மில்லுக்குப் போகும் வண்டிலில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"தனியவோ வந்தனீங்கள்?" தலைவரின் குரல்.

ஓம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. பஸ் மாறி ஏறியதையும் சொல்லிவிட்டேன். 

"எவ்வளவு தூரம் போனனீங்கள்?"

"அரைச் சரை கச்சான் முடியிற தூரம்."

களமே சிரித்தது. எல்லோருக்கும் பிந்தித்தான் தலைவர் சிரித்தார்.

"நானும் ஒருக்கா அப்பிடி ஏறினனான். ரெண்டு கண்ணும் இருந்தும், தெற்கை அவ்வளவு தூரம் போய் மாங்குளத்திலைதான் எனக்குத் தெரிஞ்சது."

வண்டிலை நிறுத்தச் சொன்னார். முதல் மூட்டை என் காலடியில் தொப்பென்று விழுந்தது. குனிந்து தொட்டேன். சாக்கு இன்னும் வெயிலாய் இருந்தது.