வெள்ளைப் பந்து

அரியாலையில் நெடுங்காலமாகப் பில்லியட்ஸ் மேசை போட்டு நடத்திய அவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர், இமைக்காத கண். ஆட்டம் முடிந்ததும் கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்தை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுவிடுவார். அது இல்லாமல் ஒருவரும் விளையாட முடியாது.

நான் முதல் போன அன்று, "தம்பி எவடம்?" என்றார்.

"உரும்பிராய்."

"அங்கை ஆர்ரை மகன்?"

சொன்னேன். நம்பின முகமாகத் தெரியவில்லை.

ஒரு வருசம் போய் வந்தபிறகு, ஒரு பின்னேரம் பந்தை என் கையில் தந்தார். "செத்த வீட்டுக்குப் போட்டு வாறன். உந்தப் பந்தைக் கவனமா வைச்சிரும்."

"என்னை நம்பித் தாறியளோ அண்ணை?"

"ஓம், ஓம்."

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அவர் சைக்கிளில் ஏறும்போது பார்த்தால், சேட்டுப் பொக்கற் வழமைபோலவே புடைத்திருந்தது. உள்ளே வந்து என் பந்தை மேசையில் உருட்டினேன். அது கோணலாக ஓடியது. எப்போதோ கழித்துவிட்ட பழைய பந்து.

திரும்பி வந்தவர் அந்தப் பந்தை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, நான் மாற்றிவிட்டேனோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.