மதில் பாதையில் நாலாம் பத்து

வில்லரேயில் ஒரு மூன்றரை அறை வாடகை வீட்டுக்கு நான் கையெழுத்து வைத்து ஐந்து வாரமாகியிருந்தது. மொன்றியல் கணக்கில் அந்த அரை என்பது குளியலறை. ஜூலை முதலாம் திகதி வீட்டுத் திறப்பு கைக்கு வரும். அம்மாவுக்கு இது தெரியாது. நாங்கள் மூவரும் இருக்கும் ரொக்ஸ்பரோ வீட்டுக் குசினியில் சொல்லமுடியாமல் இத்தாலிவரை காவிக்கொண்டு வந்திருந்தேன்.

பயணம் அம்மாவுடைய ஆசை. பதுவைக் கோயிலைப் பார்க்கவேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. பதுவையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கோயில் முற்றத்தில் முதல் நாளே பாரிசிலிருந்து வந்த ஒரு குடும்பம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது, இரண்டாம் நாள் சுவிசிலிருந்து வந்த மன்னார் ஆட்கள். எங்கள் பங்குத் திருவிழாவில்கூட இவ்வளவு தமிழ் கேட்டதில்லை.

அதனால் மூன்றாம் நாளுக்கு மலையுச்சியில் மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊரைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்புப் புத்தகத்தில் காரணங்களை எழுதி வைத்திருந்தேன். ஒன்று, தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். இரண்டு, காலையில் ஒரு பஸ் ஏறும், மூன்றேகாலுக்கு ஒரு பஸ் இறங்கும். மூன்று, ஊருக்கு ஒரே வாசல், கோபித்துக்கொண்டு போவதற்கும் இடமில்லை. விமானிகள் ஓட்டிப் பழகும் இயந்திரங்களின் மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். வெளியிலிருந்து எதுவும் குறுக்கிடாதபடி அடைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவோம்.

பஸ் எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. கல் பாவிய ஏற்றம். பெரிய வாசலுக்குள் நுழைந்ததும் கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிர்ந்தது. உள்ளே ஒரு சின்னக் காரின் அகலத்தில் ஒரு தெரு, ஜன்னல்களுக்குக் கீழே காயும் உடுப்பு, எங்கோ தொலைக்காட்சிச் சத்தம். வாசலின் பக்கத்தில் படியேறினால் மதிலின் மேல் ஊரைச் சுற்றி ஒரு நடைபாதை இருந்தது.

அம்மா மதிலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே திராட்சைத் தோட்டங்கள்.

"ஆருக்குப் பயந்து இந்தச் சனம் இவ்வளவு உயரத்திலை வந்து இருந்தது?"

"பக்கத்து ஊர்க்காரருக்கு."

"எங்கடை ஆக்கள் மாதிரித்தான்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பையின் சிப்பைத் திறந்து மூடினேன். புத்தகத்தில் அம்மா கேட்கக்கூடிய ஏழு கேள்விகளும் அவற்றுக்கு ஏழு பதில்களும் இருந்தன. பஸ்ஸிலேயே இரண்டு தரம் வாசித்துவிட்டேன்.

"என்ன பிள்ளை, நிண்ட இடத்திலை நிக்கமாட்டியே? பாத்றூம் போகவேணுமோ?"

"இல்லையம்மா. ஒரு விசயம் கதைக்கவேணும்."

"பேந்து கதைப்பம். ஒரு சுத்து வருவம், செபமாலையும் முடிஞ்சுடும்." மாலை ஏற்கெனவே கையில் இருந்தது.

செபமாலையில் ஐந்து பத்து, ஒவ்வொன்றிலும் மணிக்கு ஒன்றாகப் பத்துச் செபம். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை அம்மா சொல்ல, மீதியை நாங்கள் சொல்லுவோம். ஒவ்வொரு பத்துக்கு முன்னும் அதை யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்லவேண்டும். தொடங்கினால் முடியும்வரை வேறு கதை இல்லை. ஒருநாள் தாளித்த புகைக்கு வீட்டு அலாரம் அலறியபோது, அப்பா ஒரு துவாயால் விசிறிக்கொண்டே தன் பாதியைச் சொல்லி முடித்தார்.

முதலாவதை இறந்தவர்களுக்காக ஒப்புக்கொடுத்தார். இரண்டாவது அப்பாவின் சீனி வருத்தத்துக்கு. மூன்றாவது, "என்ரை பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் சரிவர." நான் விறுவிறென்று நடந்தேன். அம்மா என் பைப் பட்டியைப் பிடித்து இழுத்து என்னைத் தன் வேகத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கு இருபத்தாறு வயது. என் அறையில் லைற் எத்தனை மணிக்கு அணைந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு இரவு என் வாழ்க்கையில் வந்ததில்லை. அந்த ஏழு பதில்களிலும் இதை எழுதியிருக்கவில்லை.

"நாலாவது உன்ரை," என்றார் அம்மா. எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் வழக்கமாக உலக சமாதானத்துக்கு ஒப்புக்கொடுப்பேன்.

"வில்லரேயிலை நான் வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டுக்காக," என்றேன். "ஜூலையிலை இருந்து நான் அங்கை தனிய இருக்கப்போறன். அதுக்காக ஒப்புக்கொடுப்பம்."

அம்மா நின்றுவிட்டார். எதிரே வந்த ஒரு கணவனும் மனைவியும் எங்களைக் கடந்துபோக, மதிலோடு ஒட்டிக்கொண்டார். வாயைத் திறந்தார். செபமாலைக்கு நடுவில் என்ன சொல்லமுடியும்? கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கினார்.

முதல் இரண்டு மணியும் சத்தமாக வந்தன, மதிலுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. பிறகு ஓட்டம். ஐந்தாவதில் என் பாதியையும் தானே சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழாவதில் குரல் இறங்கியது. பத்தாவதில் நிற்கவில்லை. பெருவிரல் அதே மணியில் இருக்க, பதினோராவதையும் சொன்னார். எண்ணிக்கை தவறாத மனிசி. நான் திருத்தவில்லை, பதினோராவதுக்கும் என் பாதியைச் சொன்னேன்.

அம்மா விரலை அடுத்த பெரிய மணிக்கு நகர்த்தினார்.

"அஞ்சாவது கொப்பருக்கு," என்றார், அப்பாவைச் சொல்லி. "இதை அந்த மனிசனுக்கு ஆர் சொல்லுறதெண்டு தெரியேல்லை. கேட்டுட்டு விழாமல் இருக்க ஒப்புக்கொடுப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

சிலுவையை முத்தமிட்டு மாலையைப் பேர்சுக்குள் வைத்த பிறகு ஒரு கல்லாசனத்தில் இருந்தார். நான் நின்றேன்.

"கையெழுத்து வைச்சிட்டியோ?"

"ஓம்."

"அப்ப என்னட்டைக் கேக்கேல்லை."

"இல்லையம்மா. சொல்லுறன்."

வாடகை எவ்வளவு, சனம் என்ன சொல்லும், ஆர் சமைப்பது, பனிக்குள் எப்படி வருவது: நான் எழுதிவைத்த எதையும் அவர் கேட்கவில்லை.

"கீழ் வீட்டிலை ஆர்?"

"வீட்டுக்காரர். வயசான ரெண்டு பேர். மொன்றியல் ஆக்கள்தான், தமிழ் இல்லை."

அம்மா தெருவில் காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளைப் பார்த்தார். "நீ தனிய வாறாய் எண்டு அவைக்குத் தெரியுமோ?"

"ஓம். கையெழுத்து வைக்கேக்கை கேட்டவை."

"அப்ப அவைக்கு எனக்கு முதல் தெரியும்."

நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு எழும்பினேன், திரும்பவும் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். வீட்டை எடுத்ததற்கில்லை, அவர்களுக்கு முதல் தெரிந்ததற்கு மட்டும்தான் என்றும் சொன்னேன்.

"விளங்குது," என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். "கொப்பருக்கு நீதான் சொல்லவேணும். போன உடனை. இன்னொருத்தர் முந்திச் சொல்லமுதல்."