கழுவாமல் கொண்டு வரவும்

1. கம்பெனி கூப்பிட்டது

விற்ற வண்டியைக் கம்பெனியே திரும்பக் கூப்பிடும் என்பது எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்போது நான் முதலியார்பேட்டையில், கடலூர் சாலையை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் கவுன்டரில் இருந்தேன். என்ன கோளாறு என்று கேட்டு ஜாப் கார்டு எழுதுவதும், வண்டி ரெடியானால் தகவல் சொல்வதும் என் வேலை. பொம்பளை உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் சத்தம் போட மாட்டார் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார். கஸ்டமர்கள் போடத்தான் செய்தார்கள். நானும் பதிலுக்குப் போட்டேன்.

ஒருநாள் காலை ஃபோர்மேன் ஆரோக்கியம் கம்பெனி சர்க்குலரை என் மேஜையில் வைத்தார்.

"சரோஜா, இதப் படி. படிச்சிட்டுக் கத்தாத."

ஒரு குறிப்பிட்ட பேட்ச் டீசல் வேன்களில் ஆயில் பிரஷர் பைப் அதைப் பிடிக்கும் கிளாம்பிலேயே உரசி விரிசல் விடுகிறதாம். அதில் கசியும் ஆயில், என்ஜின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீப்பிடிக்கலாமாம். அதனால் எல்லா வண்டிகளையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கேம்பெயின்.

அந்த வேனில் என்ஜின் முன்னால் தனியாக இருக்காது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், வண்டிக்கு உள்ளேயே, ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். மூடி மேல் மெத்தை போட்டு அதிலும் ஆளை உட்கார வைப்பார்கள்.

என் மகள் கலா இரண்டாம் வகுப்பு. அரியாங்குப்பத்திலிருந்து டவுன் ஸ்கூலுக்கு அந்த மாதிரி வேனில்தான் போனாள். முன்னால் உட்கார்ந்தால் ரோடு தெரியும் என்று அடம்பிடித்து வாங்கின இடம் அந்த மூடி.

"அண்ணே, எம் பொண்ணு அந்த மூடி மேலதான் உக்காந்து போவுது."

"அதான் கத்தாதன்னேன். நாளைக்கே வண்டிய வரச் சொல்லு."

2. காய்ந்து கிடந்த பைப்

ஸ்கூல் வேனை ஓட்டியவன் ஏழுமலை. எங்கள் பக்கத்துத் தெரு. வண்டி சொந்தம், பாதிக்கு மேல் கடன். அவனைப்போல வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. காலையில் குளிக்கிறானோ இல்லையோ, மூடியைத் திறந்து என்ஜினைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைப் போடுவான். பிள்ளைகளின் யூனிஃபார்மில் கறை படக்கூடாது என்பான். நாங்கள் அம்மாக்கள் எல்லாம் அதற்காகவே அவனிடம் பிள்ளைகளை விட்டோம்.

சொன்ன மறுநாளே வந்துவிட்டான். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தான். அவனை மட்டும் சொல்வானேன், அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் கொண்டு வருவார்கள். அழுக்கு வண்டியை மெக்கானிக் முன்னால் நிறுத்துவது மரியாதை இல்லை என்று நினைப்பு. டாக்டரைப் பார்க்கக் குளித்துவிட்டுப் போகிறோமே, அதுமாதிரி.

ஆரோக்கியம் டார்ச் அடித்துப் பார்த்தார். பைப்பை விரலால் தடவினார்.

"சொட்டு ஈரமில்ல. காஞ்சி கெடக்கு."

"எங்கிட்ட லீக் எங்கண்ணே இருக்கப் போவுது?" என்று ஏழுமலை சிரித்தான்.

புதுப் பைப்கள் கொஞ்சம்தான் வந்திருந்தன. ஈரம் இருக்கிற வண்டிக்கு உடனே மாற்று, காய்ந்த வண்டி அடுத்த பார்சல் வரும்வரை காத்திருக்கட்டும் என்பது கம்பெனி உத்தரவு. ஏழுமலையின் வண்டியை அனுப்பிவிட்டோம். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ஜின் துடைக்கப் பழந்துணி கேட்டு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். எப்போதாவது கேட்கிறதுதான். ஒரு கிழிந்த பச்சைப் புடவையில் பாதியைக் கொடுத்தேன். வியாழக்கிழமை மறுபடியும் வந்து நின்றான்.

"அக்கா, இன்னொரு துணி இருந்தா குடுங்களேன்."

"ஏம்ப்பா, எம் பொடவைய நீயே கட்டிக்கிறியா?"

கலா விழுந்து விழுந்து சிரித்தாள். மீதிப் பாதியையும் கொடுத்தேன்.

3. கேட்டைத் தாண்டாத வேன்

மறுநாள் காலை, நான் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், பாகூரிலிருந்து இன்னொரு வேன் வந்தது. முதல் தடவை ஈரமில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பிய வண்டி. இப்போது பைப்பிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"போன வாட்டி இப்பிடி இல்லியேப்பா?" என்றார் ஆரோக்கியம்.

"போன வாட்டி உங்க கை கறையாவக் கூடாதுன்னு நல்லாத் தொடச்சி எடுத்தாந்தேன் சார். இன்னிக்கு நேரமில்ல."

"அடப்பாவி! தொடச்சி எடுத்தாந்தா எனக்கு என்னத்தத் தெரியும்?"

நான் ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேனா அப்படியே நின்றது. ஒரே வாரத்தில் ஒரு முழுப் புடவை. சும்மா தூசி துடைக்க எதற்கு அவ்வளவு துணி?

கடிகாரத்தைப் பார்த்தேன். பிள்ளைகளின் வேன் தினமும் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் டவுனுக்குப் போகும். கலா கையை வெளியே நீட்டி ஆட்டுவாள், உள்ளே இழுடி என்று நான் இங்கிருந்து கத்துவேன். அன்றைக்கு நான் இன்னும் கத்தவில்லை. வேன் வரவேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

"அண்ணே, ஏழுமல வண்டியும் தொடச்ச வண்டிதான்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஆரோக்கியத்துக்குக் கேட்டுவிட்டது. உடனே ஸ்கூட்டரை உதைத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் அந்த வேனாக இருக்கக்கூடாதா என்று பார்த்தேன். பஸ் வந்தது, மாட்டு வண்டி வந்தது, வேன் வரவில்லை. நானே கொடுத்த துணி, நானே கொடுத்த துணி என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சாமி பேர்கூட வரவில்லை.

4. பாலத்தில்

அரியாங்குப்பம் பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டிகள் வரிசையாக நின்றன. தூரத்தில் கறுப்புப் புகை. நான் ஓடும் ஸ்கூட்டரிலிருந்து குதித்து விழுந்து எழுந்து ஓடினேன். முட்டி கிழிந்தது மறுநாள்தான் தெரிந்தது.

வேன் பாலத்தின் ஓரமாக நின்றது. முன் கதவு வழியே புகை வந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பிள்ளைகள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீலப் பாவாடை, ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே ரெட்டைப் பின்னல். ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பிள்ளை அதில் இல்லை.

பின்னால் ஆரோக்கியம், "மூடியத் தொறக்காத! காத்துப் பட்டாப் புடிச்சிக்கும்!" என்று யாரையோ பார்த்துக் கத்தினார். நான் வேனுக்குள் ஏறப் போனேன். ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவரைக் கடித்துவிட்டேன்.

"ஏம்மா, ஏம்மா! ஒம் பொண்ணா இது?"

கூப்பிட்டவள் வீராம்பட்டினத்து மீன்காரம்மா ஒருத்தி. கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கலா குப்புறக் கிடந்தாள். மீன் கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கைத்தான் புகைகிற மூடி மேல் போட்டிருந்தார்கள். மீனுக்குப் போட்ட ஐஸை அவள் கலாவின் பின் தொடையில் வைத்துப் பிடித்திருந்தாள்.

"சூடு பட்டிருக்கு, அவ்ளோதான். நீ அழுவாத. நீ அழுதா அதுவும் அழுவும்."

நான் அழுதேன். கலாவும் அழுதாள். அந்தம்மாவும் அழுதாள்.

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றான். கையில் என் பச்சைப் புடவை, பச்சையே தெரியாமல் கறுத்திருந்தது.

"பாப்பா சுடுதுன்னு சொல்லிச்சிக்கா. இப்பதான் தொடச்சேன், ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் பொகை வந்திச்சி, எல்லாரையும் எறக்கிட்டேன்."

"ஆயில் வடியறது உனக்குத் தெரியலியாடா?"

"லேசாத்தான் இருந்திச்சி. வண்டின்னா கொஞ்சம் கசியும்னு நெனச்சேன். தெனம் தொடச்சி சுத்தமா வச்சிக்கிட்டேனே. சுத்தமா வச்சிக்கிட்டது தப்பாக்கா?"

அடிக்கக் கை ஓங்கியிருந்தேன். அவன் நகராமல் நின்றான். கை தானாக இறங்கிவிட்டது.

5. போர்டு

அந்த வாரமே கவுன்டருக்கு மேல் போர்டு மாட்டினேன். "வண்டியைக் கழுவாமல், துடைக்காமல், இருக்கிற அழுக்கோடு கொண்டு வரவும்." கஸ்டமர்கள் சிரித்தார்கள். "இன்னாம்மா, சோம்பேறிக்கு சர்டிபிகேட்டா?" என்றார் ஒருவர். சிரிக்கட்டும். கேம்பெயினில் காய்ந்தது என்று நாங்கள் அனுப்பிய அத்தனை வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டோம். துடைக்காமல் ஓட்டிவிட்டு வரச் சொன்னோம். இன்னும் இரண்டு வண்டியில் ஈரம் இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பளபள என்று ஒரு என்ஜின் வந்தால் பாராட்டாதீர்கள். எப்போது துடைத்தாய், எதனால் துடைத்தாய், துணி எங்கே என்று கேளுங்கள். நான் இன்றைக்கும் சுத்தமான என்ஜினைப் பார்த்தால் முதலில் துணியைத்தான் தேடுவேன்.

ஏழுமலையின் வண்டி ரிப்பேர் முடிந்து புதுப் பைப்போடு போன பிறகு ஒரு மாதம் கலாவை பஸ்ஸில்தான் கூட்டிப்போனேன். செக்கப்புக்கு அவன் வந்தான். வண்டியெல்லாம் புழுதி. மூடியைத் திறந்துவிட்டு, உடம்பில் துணியில்லாமல் வந்துவிட்டவன்போல ஒதுங்கி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தொடைக்கலக்கா" என்றான்.

ஆரோக்கியம் டார்ச்சை என்னிடமே கொடுத்துவிட்டார். குனிந்து, பைப் வளைகிற இடத்தில் விரலை வைத்து இழுத்தேன். வெளிச்சத்தில் விரலைப் பார்த்தேன். ஒட்டாத, காய்ந்த, வெறும் தூசி.

"திங்கக்கெழம கலாவக் கூட்டிட்டுப் போ," என்றேன். "பின் சீட்டுல."