செய்யாத வேலைக்கு இறந்தகாலம்

ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களுக்குத் தொண்டை கட்டுவது பெரிய கஷ்டமில்லை, வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும். மாணவர்கள் தரும் அதிர்ச்சிக்குத்தான் கைவைத்தியம் கிடையாது. திருவொற்றியூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். நாற்பது வயது ஆட்களை ‘கோ, வென்ட், கான்’ என்று கோரஸாகக் கத்தவைத்துச் சாப்பிடும் என் இனத்தாரே, நீங்களாவது இதைக் கேளுங்கள்.

மேலே நிற்க ஆசை

தேவேந்திரன் வியாசர்பாடிக்காரர். எண்ணூர்ப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் எண்ணெய் டேங்க் கழுவும் வேலை. இந்த வயதில் எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டேன். வெளிநாடு என்பார் என்று நினைத்தேன்.

ஃபோர்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். தினமும் செய்த வேலையை இங்கிலீஷில் படிவத்தில் எழுத வேண்டும், மாதக் கடைசியில் பரீட்சை. போன வருடம் டேங்குக்குள் விஷவாயுவில் மயங்கி விழுந்த தன்னைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டதையும் சொன்னார், பஸ் லேட்டாக வந்த கதையைச் சொல்வது போல. என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எட்டு வருசமா உள்ள எறங்கிகினு கீறேன் மிஸ். ஃபாரம் எழுதத் தெரிஞ்சா மேல நின்னுகினு வேல வாங்கலாம், அவ்ளோதான்.”

சிவப்புக் கோடு

அதே வகுப்பில் லட்சுமி, ராயபுரத்தில் மீன் ஏலம் எடுப்பவர். நேற்று உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள் என்றேன். ‘என் கணவர் கடலுக்குப் போனார், வருவார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நேற்றைக் கேட்டால் நாளைக்கு எங்கே வந்தது என்று கிண்டலடித்துக்கொண்டே கடைசி வார்த்தைகளைச் சிவப்பு மையால் அடித்தேன்.

லட்சுமியின் முகம் வெளிறிப்போயிற்று. கணவர் போன படகு இன்னும் கரைக்கு வரவில்லையாம். நான் அடித்தது ‘வருவார்’ என்பதை என்று அப்போதுதான் உறைத்தது. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். “கடலுக்குப் போனவர போனாருன்னு மொட்டையா வுடக் கூடாது மிஸ். அடிச்ச கையாலயே திரும்ப எழுதிக் குடுத்துடுங்க.”

பத்துக்குப் பத்து

பழைய ஃபோர்மேன், பழகட்டும் என்று நிஜப் படிவத்தையே தேவேந்திரனிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் கொடுக்கும் முன் தேவேந்திரன் அதைத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார். ‘ஐ டெஸ்டட் த கேஸ். ஐ வோர் த மாஸ்க். ஐ டைட் த ரோப்.’ வாயுவைச் சோதித்தேன், முகமூடி மாட்டினேன், கயிறு கட்டினேன்: ஒரு வினைச்சொல்கூடத் தப்பவில்லை. தலைகால் புரியாமல் பத்துக்குப் பத்து என்று அறிவித்து, வகுப்பைக் கைதட்டவும் வைத்தேன்.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். மறுநாள் தேதி. அதைத் திருத்தப் போன என் பேனாவை மெதுவாகத் தள்ளினார். “தேதி கரீக்ட்டுதான் மிஸ். நாளிக்கு வேலைக்கு இன்னிக்கே எழுதிக் குடுத்துடணும். கேஸ் பாக்குற மீட்டரு ஆபீஸ் பீரோல பூட்டிக் கீது, அத யாரு வெளிய எடுத்தா?”

இத்தனை நாள் நான் எதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது. செய்யாததை எழுதாதீர்கள் என்று அன்றைக்குக் கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினேன்.

மைசூர்பாகு

பரீட்சையில் தேவேந்திரன் தேறிவிட்டார். புதுச் சட்டையும் மைசூர்பாகு டப்பாவுமாக வந்து நின்றார். இனி டேங்குக்குள் இறங்க வேண்டாம் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே மீட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

பீரோ சாவியைக் கேட்டாராம். அப்படியானால் நீ பழையபடி உள்ளே இறங்கு என்றார்களாம். அதனால் படிவத்தை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறார். இப்போது உள்ளே இறங்குவது யார் என்று கேட்டேன். அவர் சொன்னது இது: “என் தங்கச்சி வூட்டுக்காருதான் எறங்குறாரு மிஸ். சீக்கிரம் அவரையும் உங்ககிட்ட சேத்து வுடறேன்.”

இத்தனை வருடத்தில் ஒரு பிழைகூட இல்லாமல் இறந்தகாலம் எழுதக் கற்றுக்கொண்ட ஒரே மாணவர் அவர்தான், அந்தப் பெருமையைத்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.