உறியில் தொங்கிய துரையின் பந்து

கொல்லிமலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பொய்யே பேசாத ஆள் ஒருத்தன்தான் கிடைப்பான். அது நான்.

...சரி, சரி. கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். பொய்தான். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் சொல்வேன், அவர் எழுதுவார். என் பேச்சைத் துவைத்து அலசிப் பத்திரிகைக்கு அனுப்புவது அவர் பாடு. முதல் வரியிலேயே இவ்வளவு அழுக்கு என்றால் பாவம், மனுஷர் எதைப் போட்டுத்தான் வெளுப்பார்?

ஆனால் இந்த வாரம் அந்தப் பொய்யைப் பற்றித்தான் பேச வேண்டும். போன மாதம் அதை நம்பி ஓர் ஊரே கூடியது. ஒரு மனுஷன் தன் மூஞ்சியைப் பணயம் வைத்து நின்றான்.

எங்கள் காப்பித் தோட்டத்துத் துரையிடம் ஒரு பந்து இருக்கிறது. கறுப்புப் பந்து. ஆள் தலை அளவு. கனமோ, அம்மிக்கல் கெட்டது. விரல் விட்டுத் தூக்க மூன்று ஓட்டை. அவர் ஊரில் இதைப் பலகைத் தரையில் உருட்டி, அந்தக் கோடியில் நிற்கிற மரக்கட்டைகளைச் சாய்ப்பார்களாம். சாய்த்துவிட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி சாய்ப்பார்களாம். நம் ஊரில் இதற்கு வேலை என்று பெயர். அங்கே விளையாட்டு.

அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து அதைத் தலையில் சுமந்து மலையேற்றியவன் நான்தான். அங்கே சந்தைக்குள் நுழைந்ததும் சாக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். பீரங்கிக் குண்டு என்றார் ஒருவர். ராட்சசன் வீட்டுக் கோலிக்குண்டு என்றார் இன்னொருவர். ஓர் அம்மாள் மூன்று ஓட்டையையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தத் தேங்காய ஒடச்சாத் தண்ணி இருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"ஒடைக்கறவங்களுக்கு இல்லீங்க. சொமக்கறவனுக்குத்தான் தண்ணி... கண்ணுல" என்றேன்.

இந்த மலையில் பந்து உருட்டி விளையாட நினைத்த முதல் மனுஷர் எங்கள் துரை. கடைசி மனுஷரும் அவர்தான். சமதரை எங்கே இருக்கிறது இங்கே? முதல் நாளே உருட்டினார். பந்து பலகையைத் தாண்டியது, காப்பிச் செடிகளைத் தாண்டியது, சாமைக் காட்டில் இறங்கியது... பின்னால் நான். எங்கள் திருப்புலி நாட்டில் விட்டால் மலையின் அந்தப் பக்கத்துப் பைல் நாட்டில் போய்த்தான் நிற்கும் போலிருந்தது.

அப்புறம் அவருக்கு வேறு யோசனை. மோர்ப்பானை தொங்கவிடுகிற உறி இருக்கிறதல்லவா? பந்தை அதில் வைத்து, நீளக் கயிற்றில் கட்டி, பங்களா முற்றத்து மரக்கிளையில் தொங்கவிட்டார். என்னைக் கொஞ்சம் தள்ளி ஒரு தூணோடு ஒட்டி நிறுத்தினார். பந்தை இழுத்துவந்து என் மூக்கு நுனியில் வைத்தார். கையை எடுத்தார். அது அந்தப் பக்கம் போய், திரும்பி, என் மூஞ்சியைப் பார்த்து வந்தது பாருங்கள்...

நான் மலை மாதிரி நின்றேன். அதாவது, மழைக்குச் சரிகிற மலை மாதிரி. துரை என் காதைப் பிடித்துத் தூணோடு சேர்த்து அழுத்தியதால்தான் நின்றேன்.

பந்து என்னைத் தொடவில்லை. ஒரு விரற்கடை முன்னாலேயே நின்று திரும்பிப் போய்விட்டது.

துரை சொன்ன விளக்கத்தை ரைட்டர் தமிழில் சொன்னார். விட்ட உயரத்துக்கு மேல் பந்து ஏறாது. போகிற வழியில் காற்றும் கயிறும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் சற்றுக் குறைவாகத்தான் திரும்பி வரும். ஆனால் நிற்கிறவன் தலையை முன்னே நீட்டக் கூடாது. விடுகிறவர் தள்ளக் கூடாது. தள்ளினால், தள்ளிய வேகத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து மூஞ்சியில் போட்டுவிடும்.

எவ்வளவு யோக்கியமான பந்து! சொந்தபந்தத்தில் இப்படி ஓர் ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்த விளக்கத்தை நான் ஊருக்குச் சொன்னேனா? சொல்வேனா? "பொய் பேசாதவன அது தொடாதுங்க. என்னயவே தொடலையே!" என்றுதான் போகிற இடமெல்லாம் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே நம்பியும் வைத்திருந்தார்கள்.

இனிச் சிரிக்க அதிகமில்லை.

எங்கள் பக்கத்தில் மலைத்தேன் எடுக்க ஒருத்தன் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கினால், மேலே கயிறு பிடிப்பவன் அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். ஏன்? கயிற்றை விட்டால் தாலி அறுவது தன் தங்கச்சிக்கு. அந்த நினைப்பு இருக்கிற கை கயிற்றை விடாது.

சித்திரையில் வெள்ளையன் இறங்கினான். மேலே மச்சான் சடையன், கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். வெள்ளையன் மேலே வரவில்லை.

கயிறு பாறையில் அறுந்துவிட்டது என்றான் சடையன். கூடப் போன ஆள் யாரும் இல்லை. இரண்டு பேருக்கும் தை மாதத்தில் ஒரு வரப்புச் சண்டை நடந்திருந்தது. ஊருக்கு அது போதாதா? 'அறுந்ததா, அறுத்தானா?' என்று ஒரு வாய் கேட்டது. ஊர் வாயெல்லாம் அதையே மென்றது. வெள்ளையன் பெண்டாட்டி பாப்பாயி, அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பதே அவன் ஒருத்தன்தான்.

கடைசியில் ஊர் கூடியது. சத்தியம் பண்ணட்டும் என்றார்கள். சத்தியம் என்றால் வெறும் வாயால் இல்லை; கொதிக்கிற எண்ணெயில் கையை விட வேண்டும். வெந்தால் குற்றவாளி, ஊரை விட்டு விலக்கி வைப்பார்கள். அடுப்புக்கு நெருப்புக் கூடக் கிடைக்காது. எண்ணெயில் விட்ட கை வேகாமல் வருமா?

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ என் பொய்யை ஞாபகப்படுத்தினார்கள். பஞ்சாயத்தை நடத்திய ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா மொட்டையா, பொய் பேசாதவனத் தொடாதுன்னு சொன்னியே. மெய்யாலுமா?"

என்ன சொல்வேன்? 'வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க' என்றால் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். மெய்யென்றால் ஒரு கை பிழைக்கும். இந்த மலையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒருத்தன் கையைக் காப்பாற்றச் சொன்னது அன்றைக்குத்தான்.

"மெய்தானுங்க."

துரையிடம் போய்க் கேட்டேன். எடுத்துப் போ, பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வா என்றார். கோயில் பக்கத்துப் பலாமரக் கிளையில் உறியைக் கட்டினேன். சடையன் சாய்ந்து நிற்க எதிரே ஒரு மரம். எல்லாம் சரியாக இருந்தது, ஊர்க்கவுண்டர் வாயைத் திறக்கும் வரை.

"புருசனப் பறி குடுத்தவ அவ. பந்த அவளே விடட்டும்."

அவளிடம் 'தள்ளாதே' என்று சொல்ல முடியுமா? சொன்னால் சூட்சுமம் தெரிந்துபோகும், மறுபடி எண்ணெய். சொல்லாவிட்டால்? அவள் நெஞ்சில் இருக்கிற ஆத்திரத்தில் ஒரு பிடி கையில் இறங்கினால் போதும். அவள் அண்ணன் மூஞ்சி இருக்காது.

சடையனை மரத்தோடு நிறுத்துகிற சாக்கில் அவன் காதில் முணுமுணுத்தேன். "பொடனிய மரத்தோட ஒட்டிக்க. என்ன வந்தாலும் மொகத்த முன்னால கொண்டாராத."

"அவ தள்ளுவாளுங்களா மாமா?"

துரை முற்றத்தில் நின்று அந்த விளக்கத்தைக் கேட்டவன்தானே அவனும்!

"கயித்த நான் விடலீங்க" என்றான். "அவளே நம்பலீன்னா, இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் யாருகிட்டக் காட்டறதுங்க?"

முதலில் வெறுமனே ஆட்டிக் காட்டச் சொன்னார் ஊர்க்கவுண்டர். சூது இல்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டுமாம். ஆட்டிவிட்டேன். பந்து போனது, வந்தது, போனது.

"மொட்டையா, தொங்கறது பந்தா, உன்ற தலையா?" என்று ஒருத்தன் கத்தினான்.

"பந்துதானப்பா. அதுல மூணு ஓட்டையாச்சும் இருக்குது. என்ற தலைல ஒண்ணும் இல்ல, உள்ளாறயும் ஒண்ணும் இல்ல."

கூட்டம் சிரித்தது. பாப்பாயி சிரிக்கவில்லை. அவள் பந்தையே பார்க்கவில்லை. அண்ணாந்து கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு முறிந்த கணுவில் கயிறு உரசிக்கொண்டிருந்தது. பந்து ஆட ஆட, பொடிப் பொடியாக நார் உதிர்ந்தது. அவள் கையை நீட்டி அதில் கொஞ்சத்தை ஏந்தினாள்.

"நிறுத்துங்க" என்றாள்.

நான் பந்தைப் பிடித்து நிறுத்தினேன். அவள் சடையன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா... அன்னிக்கு அவரு ஆடுனாரா?"

தேனடை சில சமயம் பாறைக்கு அடியில் உள்வாங்கி இருக்கும். நேராகத் தொங்கினால் எட்டாது. பாறையைக் காலால் உதைத்து, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடித்தான் எட்ட வேண்டும். அதைத்தான் கேட்டாள்.

"ஆடுனாரு கண்ணு. அடை ரொம்ப உள்ளாற இருந்துச்சு. ஒதச்சு ஒதச்சு ஆடுனாரு."

"பாற முனைல சாக்கு வெக்கலயா?"

"மடிச்சு வெச்சேன். அந்த ஆட்டத்துல நழுவிருச்சு. எனக்குக் கையெட்டல. கயித்த விட்டுட்டுப் போனாத்தான் எட்டும்... விடல கண்ணு. என்ற கைல இருந்த கயிறு கைலயேதான் இருந்துச்சு. அந்தப் பக்கத்துலதான் ஒண்ணும் இல்லாமப் போச்சு."

இதே சொல்லை அவன் முன்பும் சொன்னவன்தான். ஆனால் அன்றைக்கு எல்லோரும் கிளையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

பாப்பாயி உள்ளங்கை நாரை முந்தானையில் முடிந்துகொண்டாள். "சாக்கு குடுங்க மாமா" என்றாள். பந்து சுற்றி வந்த சாக்கைக் காட்டினேன். "ஏறி, கயித்துக்கு அடியில மடிச்சு வெய்ங்க. நழுவாமக் கட்டுங்க" என்றாள்.

ஏறினேன். கட்டினேன். இரண்டு முடிச்சு சேர்த்தே போட்டேன்.

அவள் பந்தை இழுத்துக்கொண்டு போய் அண்ணன் மூக்கு நுனியில் வைத்தாள். அவன் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்தான்.

"விடு தாயி" என்றார் ஊர்க்கவுண்டர்.

கையை விரித்தாள். அவ்வளவுதான். விரித்தாள்.

பந்து போனது. உச்சிக்குப் போய்த் தயங்கியது. திரும்பியது. வர வரப் பெரிதாகிக்கொண்டே வந்தது... அவன் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. நெற்றி மயிர் மட்டும் லேசாக அசைந்தது. திரும்பிப் போய்விட்டது.

மறுபடி அது வருவதற்குள் பாப்பாயி போய் அண்ணனுக்கு முன்னால், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் கத்தினேன். அவள் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். இதுவும் துரை சொன்னதுதான், திரும்புகிற இடத்தை நெருங்க நெருங்கப் பந்தின் வேகம் வடிந்துவிடும். அத்தனை கனமும் தூங்குகிற பிள்ளை மாதிரி அவள் கையில் வந்து உட்கார்ந்தது.

"போதுமுங்க" என்றாள்.

பந்துக்கு மெய்யும் தெரியாது, பொய்யும் தெரியாது. என்னையே விட்டுவைத்த பந்து அது! விட்ட கை எப்படி விட்டதோ, அதை மட்டும்தான் அது திருப்பிச் சொல்லும். ஊர் பார்த்ததென்னவோ சடையன் மூஞ்சியை. நான் பார்த்தது பாப்பாயி கையை.

கூட்டம் கலையப் போகிற நேரம். ஊர்க்கவுண்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏப்பா மொட்டையா, பொய்யே பேசாதவன் நீதான? நீயும் ஒருக்கா நில்லு. நானே விடறேன்" என்றார். அவர் கை சும்மா விடுகிற கை இல்லை, தள்ளுகிற கை. எனக்கு நன்றாகத் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால்—

"மாமோவ்! சாக்க எங்க வெச்சீங்க? சீக்கிரம் கொண்டாங்க, அண்ணன் எறங்கப் போறான்!"

வெளியே பாப்பாயி கூப்பிடுகிறாள். ரைட்டரே, பேனாவை வையுங்கள். இன்றைக்குத் தேன் எடுக்க இறங்குகிறவன் சடையன். மேலே கயிறு அவள் கையில்.

சாக்கு என் கையில்... இதோ, வாரேன் தாயீ!