குறுக்கே போன கோடு

யன்னல் விளிம்பில் ஒரு மண்சட்டி. அதில் வாவித் தண்ணீர், சில கற்கள், கற்களின்மேல் ஊர்ந்து திரியும் பயறளவு ஊரிகள். நத்தை இனம்தான், ஆனால் ஒவ்வொன்றின் ஓட்டிலும் கறுப்புக் கோடுகள் நெளிந்தோடும், ஒன்றில் இருப்பதுபோல் மற்றொன்றில் இராது. பள்ளிக்கூட விடுதியில் எனக்கு அந்த அறையைக் கொடுத்தபோது, முன்பே அங்கிருந்த கணக்கு ரீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். "சவர்க்காரக் கையைச் சட்டிக்குள்ள வைச்சிராதகா, எல்லாம் செத்திரும்" என்றாள்.

யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்திய மட்டக்களப்பு அது. நான் தமிழ் படிப்பித்தேன். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஆனால் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சோற்றுக் கோப்பையை ஏந்திக்கொண்டே நடப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சட்டிக்குப் போய்விடும். அந்தக் கோடுகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டிய எண்ணம்.

ஊரி தன் ஓட்டை விளிம்பில் மட்டுமே வளர்க்கிறது. மயிரளவு புதுக் கீற்று, அதன்மேல் இன்னொன்று. ஆகவே ஓட்டின் உச்சி பழைய காலம், விளிம்பு இன்றைய நாள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு கீற்றாக வைத்து அவள் நிரப்பிப் பார்த்தாள். ஒரு கட்டம் கறுத்தால் அடுத்த வரியில் அதன் இரு பக்கத்துக் கட்டங்களும் கறுக்கும்; கறுத்தது களைத்துப்போய்ச் சற்று ஓய்ந்திருக்கும். அவ்வளவுதான் விதி. ஊரியின் கோடுகள் தாளில் இறங்கி வந்தன.

"அறுவடை முடிஞ்ச வயல்வட்டையில ரெண்டு பக்கத்தாலயும் தீ வைச்சா என்ன நடக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"நடுவுல சந்திச்சு அணைஞ்சிரும்."

"ஓம். அங்கால எரிய வைக்கோல் இல்லயே. இதுவும் அப்பிடித்தான்கா. ரெண்டு கோடு சந்திச்சா ரெண்டும் முடிஞ்சிரும்."

இதை எழுதிக் கொழும்புக்கு அனுப்பினாள். ஒரு பேராசிரியர் தாமே வந்து பார்ப்பதாகப் பதில் எழுதினார். பிடித்திருந்தால் தம்மிடம் ஆராய்ச்சி வேலை தருவதாகவும். அவள் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த வேலை ஒன்றுதான் அவளுக்கு இருந்த வேறு வழி.

அந்தச் சமயத்தில் நான் மண்டூருக்கு, எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாவித் துறையடியில் கால் கழுவும்போது ஓர் ஊரி அகப்பட்டது. அழகாக இருந்ததால் அவளுக்கென்று எடுத்து வந்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். இன்னொரு தரம் திருப்பினாள். மெல்ல நடையை நிறுத்தினாள். அவள் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த ஓட்டில் இரண்டு கோடுகள் சந்தித்து முடியவில்லை. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு அப்பால் போயிருந்தன.

"நூறுல ஒண்டுகா. வாவியில எறிஞ்சிட்டு வேலையப் பாரு" என்றேன்.

"எறிஞ்சா அது இல்லாமப் போயிருமா?"

பேராசிரியர் வந்தார். கட்டத்தாள்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. அப்போது அவள் அந்த ஊரியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பார்த்துவிட்டு, "இது ஏதோ ஊனம், விட்டுவிடுங்கள்" என்றார்.

"இல்ல சேர். இது ஏன் இப்பிடி எண்டு தெரியுமட்டும் விதி சரி எண்டு நான் சொல்ல ஏலாது."

"அப்படியென்றால் கட்டுரை முடியவில்லை."

"ஓம் சேர். முடியயில்ல."

அவர் கவலையோடுதான் போனார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அந்த ஆவணியில் கல்முனைப் பக்கம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. போகும்போது சட்டியை வாவியில் கவிழ்த்தாள். அந்த ஒன்றை மட்டும் கொண்டுபோனாள். அவள்மீது எனக்குக் கோபம் இருந்தது. தன் வாழ்க்கையைப் பயறளவு ஒன்றுக்காக விட்டுவிட்டாளே என்ற கோபம்.

பிறகு யுத்தம் வந்தது. நான் மணமுடித்து மண்டூரிலேயே இருந்தேன். ஒருநாள் மத்தியானம், தோணியால் இறங்கி, இடுப்பில் பிள்ளையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். சுகம் கேட்கவில்லை.

"புள்ளயப் பிடிகா. தரையில எழுத வெண்கட்டி இருக்கா?"

வெண்கட்டி இல்லை, அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு சீமெந்துத் தரையில் குந்தினாள். வரி வரியாகக் கட்டங்கள் கறுத்தன. இரண்டு கோடுகள் நெருங்கின, சந்தித்தன, நின்றன. "இப்ப பாரு. தீ அணைஞ்ச இடத்துல கங்கு கிடக்கு. புல்லு மறுகா முளைக்குமட்டும் கங்கு கிடந்தா?" சில வெறும் வரிகளுக்குப் பின் அதே இடத்தில் ஒரு கட்டத்தைக் கறுத்தாள். அதிலிருந்து இரு பக்கமும் கோடு பிரிந்து ஓடியது. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கடந்துபோனதுபோலவே இருந்தது.

நான் அழுதுவிட்டேன். "கொழும்புக்கு எழுதன்கா!"

அவள் கேட்டமாதிரித் தெரியவில்லை. கரி படிந்த விரலால் நெற்றியைத் தேய்த்தாள்.

"அப்ப மத்ததுகள் ஏன் கடக்கயில்ல? அதுகளுக்குள்ளயும் கங்கு இருக்கத்தானே வேணும்?"

பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டது. அவள் எழுந்து, கரிக்கோடுகளைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருந்தாள்.